பத்துத் தோய்ப்புக்குப் பிறகும் நிற்குமா? மருந்தடி உடுப்பின் நீர்விலக்கு பற்றி ஒரு பதில்

தம்பலகாமத்தில் பத்துப் பெண்கள் சேர்ந்து தையல் நிலையம் நடத்துகிறார்கள். அவர்களில் ஒரு தங்கச்சி கேட்ட கேள்வி இது: "வயலுக்கு மருந்தடிக்கிறவர்களுக்கு நீளக்கைச் சட்டையும் காற்சட்டையும் தைத்து விற்கிறோம். துணி கொழும்பிலிருந்து வருகிறது. புதிதில் தண்ணீர் முத்து முத்தாய் உருண்டு ஓடுகிறது. நாலைந்து தரம் தோய்த்ததும் நனைகிறது என்று ஆட்கள் திருப்பிக் கொண்டு வருகிறார்கள். எதைப் பூசினால் நிற்கும்? நாங்களே சோதித்துப் பார்க்க வழி இருக்கிறதா?"

தங்கச்சி, நான் துணிக்குப் பதனம், அதாவது நீர்விலக்கு போன்ற குணம் தரும் இரசாயனம், போடும் ஆலைகளில் ஆய்வுகூடப் பக்கம் நெடுங்காலம் வேலை செய்துவிட்டு இப்போது உப்புவெளியில் இருக்கிறேன். உங்கள் கேள்வியில் "எதைப் பூசினால்" என்பதை இரண்டாவதாக வைப்போம். முதலில் கேட்கவேண்டியவை வேறு இரண்டு: உங்கள் உடுப்பின் மேல் விழப்போவது எந்தத் திரவம்? அந்த உடுப்பை வாங்கியவர் வீட்டில் எப்படித் தோய்க்கிறார்கள்? இந்த இரண்டையும் விட்டுவிட்டு எந்தச் சாமானை வாங்கினாலும் இதே முறைப்பாடு திரும்ப வரும்.

திரவத்திலிருந்து தொடங்குகிறேன். விடியற்காலையில் வரம்பில் நின்று நெல் இலையைப் பாருங்கள். பனித்துளி ஒட்டாமல் உருண்டையாக நிற்கும், இலை அசைந்தால் ஓடிவிழும். தாமரை இலைத் தண்ணீர் என்று நாம் சொல்வதன் காரணத்தை ஜெர்மன் தாவரவியலாளர்கள் பார்த்லொட்டும் நைன்ஹுயிசும் 1997 இல் விரிவாக எழுதினார்கள்: இலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளம், அதன் மேல் மெழுகு. துளி மேட்டு நுனிகளில் மட்டும் தொட்டுக்கொண்டு, பள்ளத்தில் உள்ள காற்றின் மேல் நிற்கிறது. நெல் இலையும் அதே இனம். வெறும் தண்ணீரில் கரைத்த மருந்தை நெல்லுக்கு அடித்தால் பெரும்பகுதி உருண்டு சேற்றில் விழுந்துவிடும். அது நடக்கக்கூடாது என்றுதான் மருந்து செய்கிறவர்கள் அதில் சவர்க்கார இனத்துப் பொருள்களைச் சேர்க்கிறார்கள். துளி இலையில் பரந்து ஒட்டவேண்டும் என்பதற்காகவே அந்தக் கலவை செய்யப்படுகிறது.

இலையில் பரந்து ஒட்டச் செய்யும் அதே குணம் உங்கள் துணியிலும் வேலை செய்யும். நீங்கள் கடையில் கையால் தண்ணீர் தெளித்துக் காட்டுகிறீர்கள், முத்து உருள்கிறது, வாங்குகிறவர் நம்புகிறார். வயலில் அவர் முதுகில் ஒழுகுவது தண்ணீர் அல்ல. ஒரு திரவம் பரவாமல் தன்னைத் துளியாக இழுத்துப் பிடிக்கும் பலம்தான் பரப்பிழுவிசை. தண்ணீருக்கு அது மீற்றருக்கு ஏறத்தாழ 72 மில்லிநியூட்டன். நனைக்கும் பொருள் சேர்ந்த மருந்துக் கரைசல் பெரும்பாலும் 30க்கும் 40க்கும் இடையில் வந்துவிடும். எண்ணெய்கள் 20 முதல் 30 வரை. துணியின் பரப்பு ஆற்றல் (திரவத்தைத் தன்மேல் இழுக்கும் பலம், அதே அளவில்) திரவத்தின் பரப்பிழுவிசையைவிட நன்றாகக் கீழே இருந்தால்தான் துளி உருண்டையாக நிற்கும். மெழுகுப் பதனம் ஏறத்தாழ 30, சிலிக்கோன் 22 முதல் 24 வரை, ஃபுளோரின் சேர்ந்த பழைய பதனங்கள் 10 அளவுக்கும் கீழிறங்கும். மழைத்தண்ணீருக்கு மூன்றுமே போதும். எண்ணெயையும் தள்ள ஃபுளோரினால் மட்டும் முடிந்தது. ஐம்பது அறுபது வருடமாக அதை விடமுடியாமல் தொழில் முழுவதும் அதன் பின்னால் நின்றதற்கு இந்த ஒரு காரணமே போதுமாக இருந்தது.

அது தொடங்கியதும் தற்செயலாகத்தான். 1953 இல் 3எம் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் ஒரு துளி ஃபுளோரின் கலவை ஒரு உதவியாளரின் கன்வஸ் சப்பாத்தில் சிந்தியது. கழுவிப் பார்த்தார்கள், போகவில்லை. அந்த இடத்தில் அழுக்கும் பிடிக்கவில்லை. பாட்சி ஷேர்மனும் சாமுவேல் சிமித்தும் அதைத் தொடர்ந்து போனார்கள். 1956 இல் அந்தப் பதனம் ஸ்கொட்ச்கார்ட் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. துணியில் போகாமல் நின்ற அதே உறுதிதான் பிறகு கேடாய் முடிந்தது. அந்த இனப் பொருள்கள் மண்ணிலும் நீரிலும் மனித இரத்தத்திலும் சிதையாமல் தங்கின. 2000 இல் 3எம் தன் பழைய மூலப்பொருளைக் கைவிடுவதாக அறிவித்தது. இலங்கையும் அங்கம் வகிக்கும் ஸ்டொக்ஹோம் சமவாயம் சிதையாத நச்சுப்பொருள்களைக் கட்டுப்படுத்துவது; அதன் பட்டியலில் இந்த இனத்துப் பிஎஃப்ஓஎஸ் 2009 இலும் பிஎஃப்ஓஏ 2019 இலும் சேர்ந்தன. பதனத்தின் மூலக்கூறில் எட்டுக் காபன் அணுச் சங்கிலிக்குப் பதிலாக, குட்டையான ஆறு காபன் சங்கிலி வந்தது. இப்போது அதற்கும் கதவு மூடுகிறது: கலிபோர்னியா 2025 இலிருந்து புதிய துணிகளில் இந்த இனம் முழுவதையும் பெரும்பாலும் தடுத்துவிட்டது, பிரான்ஸ் 2026 இலிருந்து சாதாரண உடுப்புகளில் தடுத்திருக்கிறது. தீயணைப்புப் படை போன்றோரின் காப்புடைகளுக்கு விலக்கு வைத்திருக்கிறார்கள்.

என் நிலைப்பாட்டை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மீனவருக்கு, சாலை வேலையாளுக்கு, பள்ளிப் பிள்ளைக்கு மழைக்கோட்டு தைக்கிறவர் ஃபுளோரின் கேட்கவே கூடாது. வாடைக்காலத்து மழை வெறும் தண்ணீர். அதற்கு ஃபுளோரின் இல்லாத நல்ல பதனங்கள் இன்று கிடைக்கின்றன. கிணற்றடியில் தோய்த்த தண்ணீர் எங்கே போகிறது? வாய்க்கால் வழியாகத் தம்பலகாமக் குடாவுக்கு. அங்கே இறால் பிடிக்கிறோம், மட்டி பொறுக்குகிறோம். மருந்தடி உடுப்பு வேறு கணக்கு, அதற்குக் கீழே வருகிறேன்.

இப்போது, நாலு தோய்ப்பில் ஏன் போகிறது என்பதற்கு வருவோம். மில்லில் துணியைப் பதனக் கரைசலில் முக்கி, உருளைகளுக்கிடையில் பிழிந்து, 100 முதல் 120 பாகை செல்சியசில் உலர்த்தி, பிறகு 150 முதல் 170 பாகையில் ஒன்றிரண்டு நிமிடம் வேகவைப்பார்கள். கடைசியாகச் சொன்ன அந்த வேகவைத்தலில்தான் உயிர் இருக்கிறது. கரைசலோடு சேர்க்கும் பிணைப்பான் அந்தச் சூட்டில் திறந்து நாரையும் பதனத்தையும் கட்டிப்போடும். சூடு எட்டாவிட்டால் பதனம் துணியின் மேல் சும்மா படுத்திருக்கும். புதிதில் இரண்டும் ஒரே மாதிரி முத்து உருட்டும். தோய்த்த பிறகுதான் எது கட்டப்பட்டது, எது சும்மா படுத்திருந்தது என்று தெரியும்.

இதில் நான் சூடுபட்டவன். நான் வேலை செய்த ஓர் ஆலையில் கனமான வேலையுடைத் துணி ஒன்றை, தெளிப்புச் சோதனையில் (தண்ணீர் தெளித்து 0 முதல் 100 வரை புள்ளி போடுவது, செய்முறை கீழே வரும்) முழுப் புள்ளி வாங்கியதைப் பார்த்துவிட்டு, தோய்ப்புச் சோதனை முடியும்வரை காத்திராமல் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். மூன்று கிழமையில் முழுவதும் திரும்பி வந்தது. அடுப்பின் முகப்பில் 160 என்று காட்டியது உண்மைதான். அது காற்றின் சூடு. அவசரத்தில் இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டியிருந்தார்கள், கனத்த துணி அந்தச் சூட்டை எட்டுமுன்னமே வெளியே வந்துவிட்டது. அதற்குப் பிறகு துணியிலேயே ஒட்டும் சூடுகாட்டி நாடா இல்லாமல் எந்தத் தொகுதியையும் நான் விட்டதில்லை. அந்தத் துணியைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனவர்களை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

இன்னொரு காரணம் பதனத்துக்கு முந்தியது. நெசவின்போது பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி, சாயத்தின்போது சேர்த்த நனைப்பான், இவை முற்றாகக் கழுவப்படாமல் மிஞ்சினால் மேலே என்ன போட்டாலும் நிற்காது. பதனத்துக்கு முந்திய பருத்தித் துணியில் ஒரு துளி தண்ணீர் வைத்தால் உடனே உறிஞ்சவேண்டும். நன்றாக நனைகிற துணியைத்தான் நன்றாக நனையாத துணியாக்கலாம். புதிதாய் வேலைக்கு வருகிறவர்களுக்கு இது விளங்கவே பல நாள் எடுக்கும்.

மூன்றாவது காரணம் நம் வீட்டு முற்றத்தில் இருக்கிறது, மில்காரர் இதை உங்களுக்குச் சொல்லமாட்டார். நீர்விலக்குப் பதனத்தின் சங்கிலிகள் துணியின் மேல் மயிர்போல நிமிர்ந்து நிற்கின்றன. தோய்க்கும்போது தண்ணீருக்குள் அவை சாய்ந்து உள்ளே திரும்பிவிடும். மறுபடி நிமிர அவற்றுக்குச் சூடு வேண்டும். வெளிநாட்டு ஆய்வுகூடத்தில் தோய்த்த துணியை மின் உலர்த்தியில் சுழற்றி எடுத்துத்தான் பெரும்பாலும் சோதிக்கிறார்கள். உலர்த்தியின் சூட்டில் சங்கிலிகள் நிமிர்ந்துவிடும், "20 தோய்ப்புக்குப் பிறகும் 90" என்று சான்றிதழ் வந்துவிடும். நாங்கள் கொடியில் காயப்போடுகிறோம். அதே துணி, அதே பதனம், புள்ளி வேறு. சான்றிதழ் பொய் இல்லை. ஆனால் அது நம் வாழ்க்கையைச் சோதித்த சான்றிதழ் இல்லை.

ஆகவே திரும்பி வந்த உடுப்புகளை எறியாதீர்கள். ஒன்றை எடுத்து இரண்டு மூன்று தரம் வெறும் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். சவர்க்கார மிச்சமே பாதிக் குற்றவாளியாக இருக்கும், ஏனென்றால் அது துணியில் தங்கி நீரைக் கூப்பிடுகிறது. காய்ந்ததும் பாதியை மட்டும், மேலே ஒரு மெல்லிய பருத்தித் துணி விரித்து, துணி தாங்கும் நடுத்தரச் சூட்டில் மின்னழுத்தியால் அழுத்துங்கள். பிறகு இரண்டு பாதிக்கும் தண்ணீர் தெளியுங்கள். அழுத்திய பாதி உருட்டி, அழுத்தாத பாதி நனைந்தால் பதனம் இன்னும் இருக்கிறது, தூங்குகிறது. இரண்டும் நனைந்தால் பதனம் போய்விட்டது, துணி விற்றவரோடு பேசவேண்டியதுதான். ஒன்று கவனம்: மருந்து பட்ட உடுப்பை நன்றாகத் தோய்க்காமல் ஒருபோதும் அழுத்தவேண்டாம். ஆவி மூக்குக்குள் போகும்.

இனிச் சோதனை. தெளிப்புச் சோதனையை நீங்களே அமைக்கலாம், உலகம் முழுவதும் ஐஎஸ்ஓ 4920 என்ற சர்வதேச நியம எண்ணில் நடப்பது இதுதான். பூவேலைக்குப் பயன்படும் 150 மில்லிமீற்றர் வளையத்தில் துணியைச் சுருக்கமில்லாமல் இறுக்குங்கள். 45 பாகை சாய்வில் ஒரு பலகையில் வையுங்கள். அதன் நடுவிலிருந்து 150 மில்லிமீற்றர் உயரத்தில் ஒரு புனல், அதன் வாயில் 19 துளை கொண்ட தெளிமுகம். ஒவ்வொரு துளையும் ஏறத்தாழ 0.9 மில்லிமீற்றர். 250 மில்லிலீற்றர் தண்ணீரை ஊற்றினால் 25 முதல் 30 விநாடிக்குள் வடிந்து முடியவேண்டும். கூடவோ குறையவோ எடுத்தால் துளையைத் திருத்துங்கள். நீரின் சூடு 27 பாகை என்றும் ஒரு நியமம் உண்டு, அது எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீருக்கு நன்றாகவே பொருந்தும். முடிந்ததும் வளையத்தைக் கவிழ்த்து ஒருதரம் தட்டி, அரைவட்டம் திருப்பி இன்னொருதரம் தட்டுங்கள். ஒன்றும் ஒட்டாவிட்டால் 100. அங்கொன்று இங்கொன்றாய் ஒட்டினால் 90. துளி விழுந்த இடங்கள் நனைந்திருந்தால் 80. மேற்பரப்பு பரவலாக நனைந்தால் 70. மேற்பக்கம் முழுவதும் நனைந்தால் 50. பின்பக்கமும் நனைந்தால் 0. புள்ளியோடு நில்லாமல், நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போன்ற சிறு மின்தராசில் துணியை முன்னும் பின்னும் நிறுத்து எழுதுங்கள். கண் ஏமாறும், கிராம் ஏமாறாது.

ஆய்வுகூடத்தில் 20 பாகை சூடு, 65 சதவீத ஈரப்பதம் வைத்துத் துணியைப் பழக்குவார்கள். நமக்குக் கடல் காற்று, கூடின ஈரப்பதம். அதற்கு மாற்றாக, ஒவ்வொரு தரமும் ஒரே பழைய துணித்துண்டைப் புதிய துணியோடு சேர்த்துச் சோதியுங்கள். பழையது வழக்கமான புள்ளியைத் தந்தால் அன்றைய சோதனையை நம்பலாம்.

ஆனால் உங்கள் வேலைக்கு இதைவிட முக்கியமானது அல்ககோல் துளிச் சோதனை. மருந்துக் கரைசல் துணியில் எப்படி நடந்துகொள்ளும் என்று அறிய மருந்தையே கையில் எடுக்கத் தேவையில்லை. பாமசியில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரோப்பைல் அல்ககோலில் ஒரு பங்குக்கு ஆறு பங்கு தண்ணீர் சேர்த்தால் ஏறத்தாழ 10 சதவீதம், இரண்டு பங்குக்கு ஐந்து பங்கு என்றால் 20, மூன்று பங்குக்கு நான்கு பங்கு என்றால் 30. இவற்றின் பரப்பிழுவிசை முறையே 42, 33, 27 என்ற அளவில் இருக்கும். ஒவ்வொன்றிலும் சிறு துளி வைத்து 10 விநாடி பாருங்கள். துளி உருண்டையாக நின்றால் தாங்கியது, கருமைபட்டுப் பரந்தால் தோற்றது. 20 சதவீதத் துளி உங்கள் வயல் மருந்துக்கு நல்ல மாற்றாள். தண்ணீருக்கு 100 வாங்கிவிட்டு இந்தத் துளியில் உடனே கறுக்கும் துணியை மருந்தடி உடுப்பு என்று விற்காதீர்கள், மழைக்கோட்டு என்று விற்கலாம். அல்ககோல் தீப்பற்றும், அடுப்படியில் வைத்துச் செய்யவேண்டாம்.

ஒழுகும் திரவம் உள்ளே போகிறதா என்று பார்க்க இன்னொன்று: ஐஎஸ்ஓ 6530 என்ற சோதனையில் 45 பாகை சாய்ந்த ஒரு பீலியில் துணியை விரித்து, கீழே உறிஞ்சுதாள் வைத்து, 10 மில்லிலீற்றர் திரவத்தை 10 விநாடியில் விடுவார்கள். ஓடி வடிந்தது எவ்வளவு, தாளில் இறங்கியது எவ்வளவு என்று நிறுப்பார்கள். பெரிய பிவிசி குழாயை நீளவாக்கில் பிளந்தால் பீலி தயார். 20 சதவீத அல்ககோலில் கேசரிக்குப் போடும் கலரைக் கரைத்து விடுங்கள். தாளில் நிறம் எங்கே இறங்கியது என்று வாங்குகிறவருக்கே காட்டலாம். நூறு வார்த்தை சொல்லி விளங்கப்படுத்துவதை அந்தத் தாள் சொல்லிவிடும்.

இந்தச் சோதனைகள் எல்லாவற்றையும் புதுத் துணியில் ஒருதரம், 5, 10, 20 தோய்ப்புக்குப் பிறகு ஒவ்வொரு தரம் செய்யுங்கள். தோய்ப்பது உங்கள் ஊர் முறையில்: கட்டிச் சவர்க்காரம், கல், கொடி. அடித்துத் தோய்ப்பதை அதிகமென்று குறைத்துவிடாதீர்கள், வாங்குகிறவர் குறைக்கப்போவதில்லை. துணி மென்மையாக்கும் திரவமும் கஞ்சியும் நீர்விலக்கைக் கொன்றுவிடும் என்று உடுப்போடு ஒரு சிறு துண்டில் தமிழில் அச்சடித்துத் தைத்துவிடுங்கள். மருந்தடி உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்துத் தோய்க்கவேண்டாம் என்பதை அதே துண்டில் முதல் வரியாகப் போடுங்கள்.

தையலும் குற்றவாளியாகலாம். பருத்தி நூல் விளக்குத் திரிபோலத் திரவத்தை உள்ளே இழுக்கும், பொலியெஸ்டர் நூலே போடுங்கள். தோள்மேல் தையல் வராமல் வெட்டமுடியுமானால் வெட்டுங்கள். மருந்து டாங்கியின் பட்டி உரசும் தோளிலும் டாங்கி படும் முதுகிலும்தான் பதனம் முதலில் தேயும், டாங்கி ஒழுகுவதும் அங்கேதான். அடித்த நெல்லுக்குள் நடக்கும்போது தொடையும் கணுக்காலும் நனைகின்றன. பதனம் போட்ட துணி ஒரு மதில் அல்ல. தெறிக்கும் துளியைத் தள்ளிவிடும், அவ்வளவே. டாங்கி அழுத்தும் இடத்தில் எந்தப் பதனமும் தாங்காது. அதனால் முதுகுக்கும் தொடையிலிருந்து கீழேயும் பூச்சுத்துணியில் (பிளாஸ்திக்குப் படலம் பூசி நீர் புகாமல் அடைத்த துணி) ஒரு தட்டு வைத்துத் தையுங்கள், மற்ற இடங்களில் காற்றுப்போகும் பதனத் துணி. முழு உடுப்பையும் பிளாஸ்திக்குத் துணியில் தைத்தால் சிறுபோகத்து வெயிலில் யாரும் அரைமணித்தியாலம் போட்டிருக்கமாட்டார்கள். கழற்றி வரம்பில் வைத்த உடுப்பு யாரையும் காப்பாற்றாது. இப்படிப் பிரித்துத் தைத்தால் ஃபுளோரின் இல்லாத பதனத்தோடேயே ஓரளவு சமாளிக்கலாம் என்பது என் கணிப்பு. 20 சதவீதத் துளியில் தோற்காத துணி கிடைக்காவிட்டால், பூச்சுத்தட்டின் பரப்பைக் கூட்டுங்கள்.

எதைப் பூசினால் நிற்கும் என்று கேட்டீர்கள். நீங்களே வாங்கிப் பூசவேண்டாம். வேகவைக்கும் அடுப்பு இல்லாமல் உறுதியான பதனம் வராது. கடையில் விற்கும் தெளிப்பான் டப்பாக்கள் சில தோய்ப்புக்கே வரும். அந்தப் புகைத்துளியை மூடிய அறையில் சுவாசித்து நுரையீரல் பாதிக்கப்பட்டவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். பத்துப் பெண்கள் வேலை செய்யும் அறையில் அதைத் திறக்கவே கூடாது.

துணி விற்பவரிடம் கேட்கவேண்டியதை எழுத்தில் கேளுங்கள்: ஃபுளோரின் உண்டா இல்லையா, புதிதில் என்ன புள்ளி, 20 தோய்ப்புக்குப் பிறகு கொடியில் உலர்த்தி என்ன புள்ளி, அல்ககோல் துளியில் எந்தப் படி. பதில் சொல்லாதவரிடம் ஐந்து மீற்றருக்கு மேல் வாங்கவேண்டாம். பெரிய தொகையாக வாங்குமுன் மொறட்டுவப் பல்கலைக்கழகத்தின் நெசவு, ஆடைப் பொறியியல் துறையில் விசாரித்து ஒரு மாதிரியைச் சோதிப்பித்துக்கொள்வது நல்லது. அங்கே அனுப்பும் மாதிரியும் நீங்கள் கல்லில் தோய்த்ததாக இருக்கட்டும்.

பெரும்போகத்துக்கு மருந்தடி தொடங்க இன்னும் நாள் இருக்கிறது. திரும்பி வந்த சட்டைகளில் மூன்றை நன்றாகத் தோய்த்து, ஒவ்வொன்றிலும் தோளில் ஒரு துண்டும் கீழ்விளிம்பில் ஒரு துண்டும் வெட்டி, எத்தனை தரம் தோய்த்தது என்று பென்சிலால் எழுதி அனுப்பிவையுங்கள். தோள் நனைந்து விளிம்பு நனையாவிட்டால் தேய்மானம். இரண்டும் ஒரேயளவில் நனைந்தால் மில்லின் அடுப்பு. எது என்று பார்த்துவிட்டு, துணிக்காரருக்கு என்ன எழுதுவது என்று சேர்ந்து யோசிப்போம்.